முதியோர் இல்லத்தில ஆக்களோட பழகுறதை எப்பிடிக் கவனிக்கிறது, எப்பிடிக் கூட்டுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, 28 பேர் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில நான் வேலை செய்யிறன். வேலையின்ர பேர் ஆக்டிவிட்டி கோர்டினேட்டர், ஆனா பல்ப் மாத்திறதில இருந்து பென்ஷன் போர்ம் நிரப்புறது வரைக்கும் எல்லாம் என்ர தலையிலதான். மற்ற இல்லங்களில வேலை செய்யிறவையும், அம்மா அப்பாவை இங்க விட்டிட்டு வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளும் போன் எடுத்துக் கேக்கிற கேள்வியள் திருப்பித் திருப்பி ஒண்டாத்தான் வருது, அதால ஒருக்கா இருந்து எல்லாத்தையும் எழுதிப்போட்டன்.

மருந்து, சாப்பாடு, ப்ரஷர், சுகர் எல்லாம் வடிவாப் பாக்கிறம். ஆரோட கதைக்கினம் எண்டதையும் ஏன் கணக்கெடுக்கோணும்?

ப்ரஷரை ஏன் எழுதி வைக்கிறம்? ஏறேக்க தெரியோணும் எண்டுதானே. ஆக்களோட பழகுறது குறையேக்க அதுவும் சத்தம் போடாமத்தான் குறையும், கொப்பியில இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கட இல்லத்தில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா இருந்தவர். சாப்பாடு ஒழுங்கு, மருந்து ஒழுங்கு, நிறை குறையேல்ல, சார்ட் பாத்தா நூற்றுக்கு நூறு. ஒருநாள் குசினியில வேலை செய்யிற அக்கா போற போக்கில "என்ன சேர், இப்ப றேடியோச் சத்தத்தையே காணேல்ல" எண்டு கேட்டிருக்கிறா, அவர் சொன்னாராம் பற்றறி முடிஞ்சு ரெண்டு மாசம் எண்டு. ரெண்டு மாசம்! பக்கத்துக் கட்டில்காரரை மகள் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனதில இருந்து அந்த மனிசன் ஒரு பற்றறி வேணும் எண்டு கூட ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்ல, நாங்களும் ப்ரஷரை எழுதிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம். எங்கட கொப்பி துவங்கினது அந்தக் கிழமைதான்.

அறிக்கையளும் அதைத்தான் சொல்லுது. 2025 ஜூனில உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதில, உலகத்தில 6 பேரில ஒராள் தனிமையால பாதிக்கப்பட்டிருக்கினம் எண்டும் வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணத்துக்குத் தனிமையோட தொடர்பிருக்கு எண்டும் இருக்கு. 2024இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர ஆணைக்குழு மறதி நோய்க்கு எண்டு சொன்ன 14 குறைக்கக்கூடிய காரணங்களில சமூகத்தில இருந்து ஒதுங்கிறது ஒண்டு, காது கேளாமை ஒண்டு, கண்பார்வை குறையிறது இன்னொண்டு, மனச்சோர்வும் அதில இருக்கு. இந்த நாலும் ஒண்டை ஒண்டு இழுத்துக்கொண்டு வாறதை நாங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறம்.

வரவுப் புத்தகம் போடுறம்தானே, பஜனைக்கு 19 பேர், எக்ஸசைசுக்கு 14 பேர் எண்டு. அது காணாதோ?

காணாது. எங்கட பஜனைக்கு ஒரு நாளும் தவறாம வாற அங்கிள் ஒராள் இருந்தவர், வரவுப்படி பாத்தா அவர்தான் வகுப்பில முதலாம் பிள்ளை, பேந்து கவனிச்சா ஹோலில மட்டும்தான் ஏசி, மனிசன் வந்து இருந்த உடன நித்திரை. இன்னொரு அம்மா, ரீச்சரா இருந்தவ, ஒரு புரோகிராமுக்கும் வரமாட்டா, வரவுப்படி அவதான் சரியான மோசம். ஆனா பின்னேரம் நாலு மணிக்கு குசினிப் படியில இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு குசினி அக்காவோட ஒரு மணித்தியாலம் ஊர்க்கதை. இந்த ரெண்டு பேரில ஆரைப் பற்றிக் கவலைப்படோணும் எண்டு வரவுப் புத்தகத்திட்டக் கேட்டா அது பிழையான ஆளைக் காட்டும்.

நாங்கள் செய்யிறது இதுதான். பெரிய சீஆர் கொப்பி ஒண்டு, ஒராளுக்கு நாலு பக்கம். புதுசா ஒராள் வந்தா முதல் மூண்டு நாலு கிழமை அவரைத் திருத்தப் போறேல்ல, சும்மா பாத்து எழுதிறது: எத்தினை மணிக்கு வெளிய வாறார், ஆற்ற பக்கத்தில இருக்கிறார், ஆர் போன் எடுக்கினம், யன்னலால என்னத்தைப் பாக்கிறார், ஆற்ற பேரைத் தானாச் சொல்லுறார். அதுதான் அவற்ற சாதாரணம். பிறகு அதில இருந்து மாறினா மட்டும் எழுதினாக் காணும். பக்கத்து ரூம் அன்ரி எப்பவும் கலகல எண்டு இருக்கிறா எண்டதுக்காக இவரை அவவோட ஒப்பிடக்கூடாது. அவரைப் போன மாசத்து அவரோட மட்டும் ஒப்பிடுங்கோ.

புரோகிராமுக்கு வந்தாலும் பேருக்குப் பக்கத்தில ஒரு எழுத்துப் போடுவம். "தா" எண்டா தானா வந்தவர், "கூ" எண்டா கூப்பிட்டு வந்தவர், "இ" எண்டா இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில "தா" எல்லாம் மெல்ல மெல்ல "இ" ஆகிக்கொண்டு வந்தா, வரவு 100 வீதமா இருந்தாலும் என்னவோ பிழை. இன்னும் ஒண்டு பாப்பம், தானாக் கதை துவங்கினவரோ இல்லையோ எண்டு. கேட்ட கேள்விக்கு "ஓம் பிள்ளை" எண்டு சொல்லுறது கதை இல்லை, "உன்ர மகனுக்குச் சோதனை முடிஞ்சுதோ?" எண்டு அவர் கேட்டா அது கதை. என்னைக் கேட்டா அந்தக் கொப்பியில ஆகப் பெறுமதியான வரி அதுதான்.

இதெல்லாம் எழுத ஆள் எங்க? எங்களிட்ட பகலுக்கு நாலு பேர், இரவுக்கு ரெண்டு பேர்.

எல்லா இடமும் அதுதான் நிலமை. அதால புதுசா நேரம் ஒண்டு தேடாதேங்கோ, ஷிப்ட் மாறேக்க கொப்பியைத் திறந்து "இண்டைக்கு ஆர் ஒருத்தரோடையும் கதைக்கேல்ல?" எண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ, அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சிடும். குசினி ஆளையும் கூட்டித் துடைக்கிறவவையும் அந்த அஞ்சு நிமிஷத்துக்குக் கூப்பிடோணும், ஏனெண்டா நேர்சுக்குத் தெரியாதது எல்லாம் அவைக்குத்தான் தெரியும், இரவு ஆர் நித்திரை இல்லாமக் கொரிடோரில நடக்கினம் எண்டது வாச்சருக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையையும் கவனியுங்கோ. கதிரை மாறி இருந்தா, சாப்பாட்டை ரூமுக்குக் கேட்டா, முந்தி அரை மணித்தியாலம் இருந்தவர் இப்ப பத்து நிமிஷத்தில எழும்பினா, கனநேரம் அதுதான் முதல் அறிகுறி.

ஸ்கோர் போடுற மாதிரி கேள்விக்கொத்து ஏதும் இல்லையோ? டொக்டர் கேக்கிறார்.

இருக்கு. சின்னது வேணுமெண்டா யூசிஎல்ஏ தனிமை அளவுகோலின்ர 3 கேள்விச் சுருக்கம்: கூடத் துணைக்கு ஆளில்லை எண்டு எவ்வளவு அடிக்கடி நினைக்கிறியள், உங்களை விட்டிட்டு மற்றவை இருக்கினம் எண்டு எவ்வளவு அடிக்கடி நினைக்கிறியள், ஆக்களிட்ட இருந்து பிரிஞ்சு தனிச்சுப் போனன் எண்டு எவ்வளவு அடிக்கடி நினைக்கிறியள். மிகக் குறைவா எண்டா 1, சிலநேரம் எண்டா 2, அடிக்கடி எண்டா 3, ஆகக்குறைய 3, ஆகக்கூட 9. உறவு, கூட்டாளிமாரை எண்ணுறதுக்கு லூபன் அளவுகோல் இருக்கு, 6 கேள்வி, மொத்தம் 30, 12க்குக் கீழ வந்தா தனிச்சுப் போற ஆபத்து எண்டு எடுப்பினம்.

ஆனா எங்கட சனத்திட்ட நேர கேட்டா வாற பதில் "எனக்கென்ன குறை, பிள்ளையள் நல்லா இருக்கினம்". தனிமை எண்டு சொன்னா பிள்ளையளைக் குறை சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு பயம், அதுவும் பக்கத்தில மகள் நிண்டா சொல்லவே வேண்டாம். நான் தலைக்கு எண்ணெய் வைக்கேக்க, நகம் வெட்டேக்க, முகத்தைப் பாக்காமக் கேப்பன், அப்பத்தான் உண்மை வரும். அதையும் "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னம்மா செய்யிறனீங்கள்?" எண்டு சுத்தி வளைச்சு. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கோர் எடுங்கோ, அதே ஆள் கேக்கோணும், ஆள் மாறினா ஸ்கோரும் மாறும்.

அம்மா ரூமை விட்டு வெளிய வாறாவே இல்லை. எவ்வளவு கூப்பிட்டாலும் "நீங்கள் போங்கோ பிள்ளை" எண்டுறா. என்ன செய்யிறது?

இதுதான் ஆகக்கூடக் கேக்கிற கேள்வி. முதல்ல ஒண்டு கேக்கிறன், இது மெல்ல மெல்ல வந்ததோ, ரெண்டு மூண்டு நாளில வந்ததோ? திடீரெண்டு சோர்ந்து, கதை தடுமாறி, நித்திரை குழம்பினா அது பழகுற பிரச்சினை இல்லை, யூரின் இன்பெக்ஷனா இருக்கலாம், மருந்து ஒத்துக்கொள்ளாததா இருக்கலாம், அண்டைக்கே டொக்டரிட்டக் காட்டுங்கோ. "இனி இருந்து என்ன" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாலும் அதை வயசுபோன கதை எண்டு விடாதேங்கோ, 1926 எண்டது தேசிய மனநல உதவி இலக்கம், டொக்டரிட்டையும் உடன சொல்லோணும்.

மெல்ல வந்தது எண்டா, மனசைப் பற்றி யோசிக்க முதல் உடம்பைப் பாருங்கோ. காது: 60 வயசுக்கு மேல நாலு பேரில ஒராளுக்கு மேல வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் காது கேக்காது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆறு பேர் ஒண்டாக் கதைக்கிற மேசையில காது கேக்காத ஆளுக்கு அது சந்தைச் சத்தம், ரெண்டு நாள் சும்மா சிரிச்சுச் சமாளிச்சுப்போட்டு மூண்டாம் நாள் வராது. சிலநேரம் காதுக்குள்ள குறும்பியை எடுத்துவிட்டாலே போதும். அடுத்தது ரொய்லெட். சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு இருப்பினம், ஹோலில இருந்து ரொய்லெட் தூரமெண்டா, நடுவில எழும்பிப் போக எல்லாரும் பாப்பினம் எண்டா, வரமாட்டினம். வாசலுக்குக் கிட்டவா ஒரு கதிரையை அவவுக்கெண்டு ஒதுக்கிவிடுங்கோ, அரைவாசிப் பிரச்சினை தீரும். பல்லுச்செட் லூசா இருக்கோ, கண்ணாடி பழசோ, லிப்ட் பழுதோ, சோட்டியோட வெளிய வர வெக்கமோ, நல்ல சேலை உடுத்திவிட ஆளில்லையோ எண்டதையும் பாக்கோணும். எங்கட ஒரு அம்மாவுக்கு சேலை உடுத்திவிட ஒரு பிள்ளையைக் காலமை பத்து நிமிஷம் போட்டம், அவ்வளவுதான், கீழ வந்திட்டா.

பிறகு, விதவை எண்டதால ஒதுங்கிறவை இருக்கினம். பொங்கல், வருஷப்பிறப்பு, ஆற்றையும் பிறந்தநாள் எண்டா "நான் முன்னுக்கு வரக்கூடாது" எண்டு தானாப் பின்னுக்குப் போவினம். நாங்கள் பேச்சில திருத்தப் பாத்தா நடக்காது. போன தைப்பொங்கலுக்கு நான் கணவர் இல்லாத ஒரு அம்மாவிட்டப் போய், எனக்குப் பால் பொங்கிற பக்குவம் தெரியாது, நீங்கள் வந்து பக்கத்தில நிண்டு சொல்லித் தாங்கோ எண்டு கேட்டன். (பொய்தான். எனக்கு நல்லாத் தெரியும்.) வந்தவ.

கூப்பிடுற விதமும் இருக்கு. வாசலில நிண்டு "அம்மா எல்லாரும் வாங்கோ, பஜனை" எண்டு கத்திறது கூப்பிடுறது இல்லை. ஒராளை ஒராள் கூப்பிடோணும், அதுவும் வேலை செய்யிற நாங்கள் கூப்பிடுறதை விட இன்னொரு ரெசிடென்ட் கூப்பிட்டா நல்லம். ஒரேயடியா 20 பேருக்குள்ள கொண்டுபோய் இருத்தாதேங்கோ, முதல்ல ரூமுக்குள்ளயே ஒராளோட தேத்தண்ணி, பிறகு கொரிடோரில ரெண்டு கதிரை, பிறகு பாப்பம்.

சிலருக்குத் தனிய இருக்கிறதுதானே பிடிக்கும்?

ஓம், இருக்கினம், விடுங்கோ. அவர் காலமை முழுக்கத் தனிய இருந்து புத்தகம் வாசிச்சுப்போட்டு பின்னேரம் ஒராளோட அரை மணித்தியாலம் அதைப் பற்றிக் கதைச்சா அவருக்குக் காணும். மறுவளமா, பேரப்பிள்ளை சூழ இருக்கிறவையும் தனிமையா இருப்பினம். றொபேர்ட் வைஸ் எண்ட சமூகவியலாளர் 1973இலயே இதை ரெண்டாப் பிரிச்சவர், கூட்டம் இல்லாத தனிமை வேற, மனசுக்கு நெருக்கமா ஒராள் இல்லாத தனிமை வேற எண்டு. மனிசி செத்தவருக்கு பிங்கோ வைச்சு என்ன பிரயோசனம்?

என்ன புரோகிராம் வைச்சா வருவினம்?

நாங்கள் பட்டுத் தெளிஞ்சதைச் சொல்லுறன். பலூன் எறியிறது, கைதட்டிப் பாட்டு, சின்னப்பிள்ளையளின்ர கலர் அடிக்கிற கொப்பி எல்லாம் இன்டர்நெட்டில பாத்துச் செய்தம், 40 வருஷம் அரசாங்கக் கச்சேரியில கையெழுத்து வைச்ச மனிசரிட்டக் கிரேயோன் குடுத்தா அவர் என்னை ஒரு பார்வை பாத்தார், இப்பவும் நினைச்சா வெக்கமா இருக்கு.

எங்கட இடத்தில பெரிய வெற்றி 304 எண்ட காட்ஸ் விளையாட்டு. கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் வளந்த ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை, நாலு பேர், ரெண்டு பக்கம், 32 காட்ஸ், ஜேக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, நாலு நிறத்தையும் கூட்டினா 304. மறதி துவங்கின ஒரு ஐயாவுக்கு காலமை என்ன சாப்பிட்டது எண்டு தெரியாது, ஆனா துரும்பு எத்தினை இறங்கிட்டுது எண்டு சரியாச் சொல்லுவார். அதோட நாலு பேர் வேணும், மூண்டு பேரால ஏலாது. ஒராள் வராட்டி மற்ற மூண்டு பேரும் போய்க் கதவைத் தட்டுவினம், திட்டுவினம், இழுத்துக்கொண்டு வருவினம். நான் கூப்பிட்டு வராதவர் பார்ட்னர் திட்டினா வாறார். ஒரு புரோகிராமைத் தெரிவு செய்யேக்க நான் இப்ப பாக்கிறது இதைத்தான், இந்த ஆள் வராட்டி ஆருக்கும் குறை தெரியுமோ?

காலமைப் பேப்பரும் அப்பிடித்தான். வீரகேசரி ஒண்டு வாங்கி ஒராள் சத்தமா வாசிக்கிறது, நான் முதல்ல தலைப்புச் செய்தியில இருந்து துவங்கினன், ஒருத்தரும் கேக்கேல்ல. மரண அறிவித்தலில இருந்து துவங்கினாப் பிறகு பாருங்கோ. "ஆர், அந்த மானிப்பாய் ஆளோ? அவற்ற தமையன் என்னோட படிச்சவன்" எண்டு ஒண்டில துவங்கி ஊர், பள்ளிக்கூடம், கலியாணம், எல்லாம் வந்திடும். வெளியாக்களுக்கு இது துக்கமான விஷயமாத் தெரியலாம், எங்கட ஆக்களுக்கு அதுதான் பேஸ்புக்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ரீவியில போகேக்க ஹோல் நிறையும், ஆடி வேல் ஊர்வலம் வரேக்க ஏலுமான ஆக்களைக் காலி வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய் கதிரை போட்டு இருத்துவம், ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்க பனங்கட்டி எவ்வளவு போடுறது எண்டு மூண்டு அம்மாமாருக்கிடையில ஒவ்வொரு வருஷமும் சண்டை. அந்தச் சண்டையை நாங்கள் தீர்க்கிறேல்ல.

பொறுப்புக் குடுங்கோ. 1976இல அமெரிக்காவின்ர கனெக்டிகட் மாநிலத்தில ஒரு முதியோர் இல்லத்தில எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு ஆய்வு செய்தவை, ஒரு மாடியில இருந்தவைக்குச் செடி குடுத்து, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ, உங்கட விஷயத்தை நீங்களே முடிவெடுங்கோ எண்டினம், மற்ற மாடிக்கும் செடி குடுத்தது, ஆனா தண்ணி ஊத்தினது நேர்ஸ்மார். மூண்டு கிழமையால முதல் மாடிக்காரர் கூட உற்சாகமா, ஆக்களோட கூடப் பழகுறவையா இருந்தினம். எங்களுக்கு செடி எண்டா பல்கனியில நாலு கறிவேப்பிலைச் சாடி, ஒரு துளசி, ஒவ்வொண்டுக்கும் ஒரு சொந்தக்காரர். குசினிக்குக் கறிவேப்பிலை வேணுமெண்டா அவையிட்டக் கேட்டுத்தான் எடுக்கோணும், கேக்காம எடுத்தா அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் பேச்சு வாங்கலாம்.

ஸ்டாப்பில அரைவாசிக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்யலாம்?

கொழும்பில இது சின்ன விஷயம் இல்லை. நல்ல பிள்ளையள், அன்பாப் பாக்கினம், ஆனா சிங்களத்தில "அம்மே, கன்ன" (அம்மா, சாப்பிடுங்கோ) எண்டதுக்கு மேல கதை இல்லை. முந்தி சிங்களம், இங்கிலீஷ் எல்லாம் விளாசின ஆக்கள் கூட மறதி கூடக்கூட முதல் பாஷைக்குத்தான் திரும்புவினம், அப்ப அவை சொல்லுறது ஒருத்தருக்கும் விளங்காம, "குழப்படி பண்ணுறா" எண்டு கொப்பியில எழுதுப்படும். நாங்கள் ஒவ்வொரு ரூம் கதவுக்குப் பின்னாலயும் 15 சொல்லு சிங்கள எழுத்தில தமிழ் உச்சரிப்போட ஒட்டியிருக்கிறம்: நோ, பசி, குளிர், தாகம், வீட்டை போகோணும், ஆர் வந்தது, அப்பிடி. அதைச் சொல்லிக் குடுக்கிற வேலையை அந்த வெங்காயம் உரிக்கிற ரீச்சரிட்டக் குடுத்தம், வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் வகுப்பு, ஹோம் வேர்க்கும் இருக்கு. அந்தப் பிள்ளையளுக்குத் தமிழ் வந்துதோ இல்லையோ, ரீச்சரின்ர பக்கத்தில இப்ப நிறையத் "தா".

ஒரே இல்லத்தில சிங்களம், முஸ்லிம், பறங்கி ஆக்களும் இருந்தா பாட்டும் சாப்பாடும்தான் வழி. வெசாக் கூடு கட்டேக்கயும் கிறிஸ்மஸ் கேக் வெட்டேக்கயும் எல்லாரும் வருவினம்.

மறதி நோய் உள்ளவையை மற்றவையோட சேர்க்கலாமோ?

சேர்க்கலாம், ஆனா சின்னக் குழு, மூண்டு நாலு பேர், காலமை நேரம். பின்னேரம் இருட்டேக்க கனபேருக்குக் குழப்பமும் பதட்டமும் கூடும், அந்த நேரம் புரோகிராம் வைக்காதேங்கோ. "நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" எண்டு சோதனை வைக்கிற விசிட்டர்மாரை நான் நேரா நிப்பாட்டுவன். கையில வேலை குடுங்கோ, கீரை ஆயிறது, துவாய் மடிக்கிறது, பூ கட்டுறது. இவைக்கு எழுதிறதும் வேற மாதிரி, கதைச்சவரோ எண்டு பாக்கிறேல்ல, முகம் மலர்ந்ததோ, கையைப் பிடிச்சவவோ, பாட்டுக்குத் தாளம் போட்டவவோ எண்டு.

நாங்கள் ரொறன்ரோவில. ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப் கோல் எடுக்கிறம், பிறகும் அப்பா சோர்வா இருக்கிறார் எண்டு சொல்லுறியள்.

குறை நினைக்காதேங்கோ, ஆனா அந்தக் கோலை நான் பக்கத்தில நிண்டு கேக்கிறனான். "சாப்பிட்டியளோ, மருந்து எடுத்தியளோ, சரி வைக்கிறன்." அதை நேர்ஸே கேக்கிறா. உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை, பத்தரை மணித்தியால வித்தியாசம், நீங்கள் வேலை முடிஞ்சு காருக்குள்ள இருந்து எடுக்கேக்க இங்க இன்னும் விடியாத நேரம், மனிசன் பல்லுச்செட் போடேல்ல. சனி இரவு நீங்கள் சாப்பிட்டு முடிய, ஒன்பது மணி போல எடுங்கோ, இங்க ஞாயிறு காலமை, முகம் கழுவி இருப்பார். கிழமையில ஒருக்கா அரை மணித்தியாலம் எண்டாலும் சொன்ன நேரத்துக்கு எடுக்கிறது, நினைச்ச நேரம் எடுக்கிற ஏழு கோலை விட நல்லம், ஏனெண்டா அவர் அதுக்காகச் சேர்ட் மாத்திக் காத்திருப்பார், மற்றவையிட்டச் சொல்லுவார். ஏதாவது கேளுங்கோ அவரிட்ட. ரசம் எப்பிடி வைக்கிறது, காணி உறுதி எங்க, பேத்திக்கு என்ன பேர் வைக்கலாம். அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தேவைப்படோணும்.

இன்னொண்டு, எங்களிட்டப் போட்டோ கேக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ, "அம்மா இந்தக் கிழமை ஆரோட கதைச்சவ?" எண்டு கேளுங்கோ. அந்தக் கேள்விக்குப் பேரோட பதில் சொல்ல ஏலாத இல்லம் எண்டா யோசியுங்கோ.

பள்ளிக்கூடப் பிள்ளையள், வொலண்டியர்மார், அன்னதானம் குடுக்க வாறவை. இவையால பிரயோசனம் இருக்கோ?

இருக்கு, பிழையாச் செய்தா கேடும் இருக்கு. சில வருஷத்துக்கு முதல் ஒரு பள்ளிக்கூடத்தில இருந்து எட்டுப் பிள்ளையள் சனிக்கிழமை சனிக்கிழமை வந்தவை, ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை எண்டு நான்தான் பிரிச்சு விட்டனான், பெருமையா இருந்தது. சோதனை வந்துது, பிள்ளையள் நிண்டிட்டினம், ஒருத்தரும் வந்து சொல்லிப்போட்டுப் போகேல்ல, நானும் அதைப் பற்றி யோசிக்கேல்ல. ஒரு அம்மா நாலு சனிக்கிழமை சேலை மாத்திக்கொண்டு வாசலில இருந்தவ. அஞ்சாவது சனிக்கிழமை கீழ வரேல்ல, பிறகு கனகாலம் வரேல்ல. அது என்ர பிழை.

பிறகுதான் அறிஞ்சன், இது 1970களிலயே கண்டது எண்டு. றிச்சர்ட் ஷூல்ஸ் எண்டவர் கல்லூரி மாணவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிப் பாத்தவர், எப்ப வருவினம் எண்டு முதலே தெரிஞ்சவையும், எப்ப வரச் சொல்லுறது எண்டு தாங்களே தீர்மானிச்சவையும் நல்லா இருந்தினம் எண்டு 1976இல எழுதினார். ஆய்வு முடிஞ்சு வருகை நிண்டாப் பிறகு போய்ப் பாத்தா அதே ஆக்கள்தான் கீழ இறங்கிப் போயிருந்தினம், அதை 1978இல எழுதினார். இப்ப நான் வாறவையிட்ட முதல் கேக்கிற கேள்வி, எப்ப நிப்பாட்டுவியள்? கடைசி நாள் எண்டு சொல்லி, வந்து, தேத்தண்ணி குடிச்சு, விடைபெற்றுப் போகோணும்.

அன்னதானம் பற்றி: ஆற்றையும் ஆண்டுத் திவசத்துக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கிறது நல்ல பழக்கம், நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா வரிசையில நிக்க வைச்சுப் போட்டோ எடுத்துப்போட்டு வானில ஏறிப் போறதை விட்டிட்டு, இருந்து ஒண்டாச் சாப்பிடுங்கோ. செத்தவர் ஆர், என்ன செய்தவர் எண்டு சொல்லுங்கோ. அரைவாசிப் பேருக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும்.

இப்பிடி எழுதி வைக்கிறது அவையின்ர பிரைவசிக்குப் பிழை இல்லையோ?

பிழையாச் செய்தா பிழைதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கட நாட்டிலயும் இருக்கு, உடல்நிலை பற்றின தகவலை அது விசேஷமாக் கவனமா வைக்கச் சொல்லுது. சட்டத்தை விடுங்கோ, மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. எங்கட கொப்பி என்னத்துக்கு எண்டு ஒவ்வொருத்தருக்கும் வந்த கிழமையே சொல்லுவம், தன்ர பக்கத்தை வாசிக்கக் கேட்டாக் குடுப்பம். (ஒரு அங்கிள் வாசிச்சுப்போட்டு ரெண்டு எழுத்துப்பிழை திருத்தித் தந்தவர்.) என்ன கதைச்சவை எண்டு எழுதமாட்டம், ஆரோட எண்டு மட்டும்தான். பேரோட படம் பேஸ்புக்கில போடுறேல்ல.

ஆப், கமெரா, கையில கட்டுற பட்டி ஏதும் வாங்கலாமோ?

காசிருந்தா முதல்ல காது மெஷினுக்குப் பற்றறி வாங்குங்கோ. 100 பேருக்கு மேல இருக்கிற இடமெண்டா ஆப் உதவும், கொப்பி தாங்காது. பட்டி நடக்கிற அடியை எண்ணும், ஆரைப் பாக்க நடந்தவர் எண்டதை எண்ணாது.

இல்லம் தேடுறம். இந்த விஷயத்தில என்னத்தைப் பாக்கோணும்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ பதிஞ்ச இடமோ எண்டு முதல்ல கேளுங்கோ. பிறகு சொல்லாமக் கொள்ளாமப் பின்னேரம் மூண்டரைக்குப் போங்கோ, காலமை எல்லா இடமும் வடிவா இருக்கும். கதிரையள் சுவரோட வரிசையாக் கிடக்கோ, ஆளை ஆள் பாத்த மாதிரிக் கிடக்கோ? ரீவி ஆருக்காகப் போகுது? ஸ்டாப் ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடினமோ, "ஏழாம் நம்பர்" எண்டினமோ? போதும், இதுக்குமேல புரோஷர் பாக்கத் தேவையில்லை.

ஒராள் செத்தா மற்றவையிட்டச் சொல்லுறதோ, மறைக்கிறதோ?

முந்தி நாங்கள் மறைச்சம். இரவோட இரவாக் கொண்டுபோய், காலமை கட்டில் விரிச்சு, "மகளிட்டப் போயிட்டார்" எண்டு சொன்னம். ஒருத்தரும் நம்பேல்ல, அந்தக் கிழமை கொப்பி முழுக்க "இ". தங்களையும் ஒருநாள் இப்பிடித்தான் பின் கேற்றால கொண்டு போவினம் எண்டு விளங்கினாப் பிறகு ஆர் கீழ வந்து சிரிச்சுக் கதைப்பினம்?

இப்ப சொல்லுவம், முதல்ல மேசையில பக்கத்தில இருந்தவரிட்டத் தனியச் சொல்லுவம், பிறகு எல்லாரிட்டையும். முன் வாசலால கொண்டு போவம், ஏலுமானவை எழும்பி நிப்பினம், விளக்கு ஒண்டு வைப்பம். அடுத்த நாள் பேப்பரில அறிவித்தல் வந்தா அண்டைய வாசிப்பு அதில இருந்துதான் துவங்கும். கதிரையை ஒரு கிழமைக்கு ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா போன வருஷம் மோசம் போனாப் பிறகு 304க்கு மூண்டு பேர் ஆகிட்டினம், ஆறு நாள் காட்ஸ் பெட்டி மேசையில அப்பிடியே கிடந்தது, ஏழாம் நாள் அந்த ஏசியில நித்திரை கொள்ளுற அங்கிளின்ர கதவில மூண்டு பேரும் போய்த் தட்டினவை. அவருக்கு விளையாடத் தெரியாது, இப்ப பழகுறார், ஒவ்வொரு நாளும் பேச்சு வாங்கிறார்.